'அற்ற' வேறு, 'அல்லாத' வேறு

செய்திச் சேனலின் அடியில் ஓடியது: "தெற்காசிய நாடுகள் வரியற்ற வர்த்தகத் தடைகளை நீக்க வலியுறுத்தல்." வரியில்லாமல் நடக்கும் வர்த்தகத்தை யாரோ தடுக்கிறார்கள் என்றுதானே புரிகிறது? சொல்ல வந்தது 'நான்-டாரிஃப் பேரியர்'.

டாரிஃப் அரபியில் 'அறிவிப்பு' என்ற பொருளில் பிறந்து, இத்தாலி வழியாக ஐரோப்பாவுக்குப் போன சொல். நமக்குச் சுங்கம். குறளில் உல்கு.

சுங்கத்தை ஏற்றாமலே சரக்கை மறிக்கும் வழிகள்தாம் இந்தத் தடைகள். தெற்காசிய நாடுகளின் தடையற்ற வர்த்தகத்துக்கான சாஃப்டா ஒப்பந்தம் 2006இல் நடைமுறைக்கு வந்தது. 2011 முதல் வங்கதேசத்தின் ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் இந்தியா சுங்கத்தை விலக்கிவிட்டது. ஆனால் 2025 மே மாதம், அங்கிருந்து வரும் ஆயத்த ஆடைகள் தரைவழியே வரக்கூடாது, மும்பைப் பக்கத்து நவசேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியே மட்டும் வரலாம் என்று உத்தரவு. சுங்கம் ஒரு பைசா ஏறவில்லை. பக்கத்து வீட்டுச் சட்டை கடல் சுற்றி வருகிறது. மேற்கு வங்கத்தின் பெட்ராபோல் எல்லையில் நம் லாரி, வங்கதேசப் பக்கமுள்ள பேனாபோல் முற்றம் வரைதான் போகலாம். அங்கே மூட்டைகளை இறக்கி அந்நாட்டு லாரியில் மறுபடி ஏற்ற வேண்டும்.

இதற்கு 'அற்ற' எப்படிப் பொருந்தும்? சர்க்கரை இல்லாத காபி வேறு, காபி அல்லாத பானம் வேறு. இலங்கையில் 'தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம்' என்றால் தீர்வை கட்டாமல் கார் இறக்கலாம். அந்தக் கணக்கில் 'தீர்வையற்ற தடை' இலவசத் தடை!

'வரிசாராத் தடை' என்பாரும் உண்டு. 'அரசு சாரா' கொடுத்த தைரியம். எதற்கெடுத்தாலும் 'சாரா' ஒட்டுவது மொழிபெயர்ப்பாளர்களுக்கு வியாதியாகிவிட்டது. இலங்கை இறக்குமதிக்குச் செஸ் என்ற கூடுதல் வரி வாங்குகிறது, துறைமுக, விமானநிலைய வரியும் வாங்குகிறது. சுங்கப் பட்டியலுக்கு வெளியே நிற்பவை, ஆனால் வரிகள். இவற்றை 'வரிசாரா' என்றால் கணக்கர் சிரிப்பார். கோளாறு 'வரி' என்ற அகலமான சொல்லில். 'வரியல்லாத' என்றாலும் இதே சிக்கல்தான்.

ஆகவே 'சுங்கமல்லாத் தடை'. சுங்கம் வடசொல், உல்கு என்க என்பார்கள் தூய தமிழன்பர்கள். உல்கும் அதே வேர் என்று வாதிடுவோர் இருக்க, 'உல்கல்லாத் தடை' என்று நாக்கை ஏன் சுளுக்க வேண்டும்?

சேனல் நண்பரிடம் சொன்னேன். "ஓடுற வரியில இடம் பத்தாது சார்" என்றார். 'வரியற்ற தடை'க்கும் 'சுங்கமல்லாத் தடை'க்கும் இரண்டெழுத்துதான் வித்தியாசம்.