2.44க்கும் 2.57க்கும் நடுவுல

போன வாரம் ஒரு வாசகர் மெயில் போட்டிருந்தார். 2018 ஜனவரி பஸ் ஸ்ட்ரைக்ல தாம்பரத்துல குடும்பத்தோட மாட்டிக்கிட்டவராம், அந்தக் கோவம் இன்னும் அடங்கல. கேள்வி இதான்: "அரசாங்கம் 2.44 தரேன்னுச்சு, யூனியன் 2.57 வேணும்னுச்சு. வித்தியாசம் வெறும் 0.13. அதுக்கு எட்டு நாள் ஊரையே நடக்க விட்டாங்க. கடைசில ஹைகோர்ட் ஒரு ரிட்டயர்டு ஜட்ஜை நடுவரா போட்டதும் பஸ் ஓடுச்சு. அதை மொத நாளே பண்ணித் தொலைச்சிருக்கலாமே சார்?"

மறந்தவங்களுக்கு: அந்த எண்ணு பழைய சம்பளத்த எதால பெருக்கணும்ங்கிறது. பழைய சம்பளம் 10,000ன்னா 24,400ஆ 25,700ஆ, அதான் சண்டை. அரசு ஊழியருக்கு 2.57 குடுத்துட்டு எங்களுக்கு மட்டும் ஏன் குறைக்கிறீங்கன்னு போக்குவரத்து ஆளுங்க கேட்டாங்க. ஜனவரி 4 ஆரம்பிச்சு 11 வரைக்கும் போச்சு, பொங்கல் 14, அதனால எல்லாருக்கும் வயித்துல புளி.

வாசகர் கேட்டது பெரிய கேள்விங்க. ஜான் ஹிக்ஸ்னு ஒரு பொருளாதார ஆளு (1972ல நோபல் வாங்கினவர்) 1932லயே இதுல மண்டைய உடைச்சிக்கிட்டார். ஸ்ட்ரைக் நடந்தா தொழிலாளிக்குக் கூலி போச்சு, முதலாளிக்கு உற்பத்தி போச்சு. எட்டு நாள் கழிச்சு எந்த நம்பர்ல கை குலுக்கப் போறோமோ அதே நம்பர்ல மொத நாளே குலுக்கியிருந்தா ரெண்டு பேருக்கும் லாபம்தானே, அப்புறம் ஏன் ஸ்ட்ரைக்? அடுத்தவன் எவ்ளோ தாங்குவான்னு இவனுக்குத் தெரியாது, அதான் காரணம். கம்பெனி "நஷ்டத்துல ஓடுது"ங்கும், எந்தக் கம்பெனிதான் சொல்லல? உண்மையா பொய்யான்னு பார்க்க யூனியன் கைல இருக்கிற ஒரே தெர்மாமீட்டர் ஸ்ட்ரைக்தான். நிஜமாவே காசில்லாத கம்பெனி நாள் கணக்குல கதவ மூடிட்டு உக்காந்திருக்கும், ஆர்டர் குவிஞ்ச கம்பெனி மூணாம் நாளே ஆள் அனுப்பும். ஹிக்ஸ் இன்னொண்ணும் சொன்னார், ஆயுதம் துருப்பிடிக்காம இருக்கவாவது யூனியன் எப்பயாவது அதை எடுத்து வீசியாகணும்னு.

சரி, அப்போ நடுவர்? மொத நாளே ஒரு பெரிய மனுஷன உக்கார வெச்சு அவர் சொல்றத ரெண்டு பேரும் கேட்டுக்கலாமே? இங்கதான் விஷயம் சுவாரசியமாகுது.

நடுவர்னாலே நம்ம ஊர் மனசுல என்ன ஓடும்? "பப்பாதி போட்டுக்கோங்கப்பா." அவன் 100ங்கிறான், இவன் 60ங்கிறான், சரி 80. இது தெரிஞ்சப்புறம் எவன் நியாயமான நம்பரோட வருவான்? நடுவுலதான் வெட்டப் போறார்னா நீ ஓரத்துல போய் நிக்கிறதுதான் புத்தி. என் மாமா ஒருத்தர் ஒரு ஃபவுண்டரில யூனியன் செயலாளரா இருந்தார், கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது கடைசி ஏழு கோரிக்கை "விட்டுக் குடுக்கறதுக்குன்னே" எழுதுவாங்களாம். அதுல ஒண்ணு கேண்டீன்ல தினம் மீன் குழம்பு. நிர்வாகமும் சும்மா இல்ல, குடுக்க முடிவு பண்ணினதுல பாதிலேர்ந்துதான் பேச்சையே ஆரம்பிக்கும். ரெண்டு தரப்பும் பேசறதயே நிறுத்திட்டு ஜட்ஜ் முன்னாடி போய் விறைச்சுக்கிட்டு நிப்பாங்க. நியாயமா சொல்லணும்னா, நல்ல நடுவருங்க வெறுமனே பப்பாதி போடறதில்ல, கேஸோட விவரத்தயும் பார்க்கறாங்கன்னு பின்னாடி வந்த ஆராய்ச்சிங்க காட்டுது. ஆனா பப்பாதி போடுவார்ங்கிற நினைப்பு போதுமே, பேச்சு படுத்துடும்.

இதுக்கு 1966ல கார்ல் ஸ்டீவன்ஸ்னு ஒருத்தர் ஒரு வைத்தியம் எழுதினார், எனக்கு இந்த மொத்த சப்ஜெக்ட்லயே ரொம்பப் பிடிச்ச இடம் இதான், கொஞ்சம் இழுப்பேன், பொறுத்துக்கோங்க. நடுவரோட கைய கட்டிடு. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கடைசி நம்பர் கவர்ல போட்டுக் குடுக்கணும். நடுவர் அந்த ரெண்டுல ஒண்ணத்தான் எடுக்கணும், நடுவுல எதையும் எழுதக் கூடாது. ஃபைனல் ஆஃபர் ஆர்பிட்ரேஷன்னு பேரு. அவ்ளோதான்! இந்த ஒரு வரி ரூல் ஆட்டத்தையே தலைகீழா திருப்பிடுது.

எப்படின்னு கணக்கு போட்டுப் பார்ப்போம். சம்பள உயர்வு கேஸ். நடுவர் மனசுல ஒரு நியாயமான தொகை இருக்கு, அது 3,000லேர்ந்து 7,000க்குள்ள எங்க வேணா இருக்கலாம், உங்களுக்குத் தெரியாது. யாரோட நம்பர் அவர் மனசுல இருக்கிறதுக்குக் கிட்ட இருக்கோ அதை எடுப்பார். கம்பெனி கவர்ல 4,000னு வெச்சிக்கோங்க. யூனியன் 6,000 கேட்டா, ரெண்டுக்கும் நட்ட நடுவுல 5,000ல ஒரு கோடு விழுது. நடுவர் மனசு கோட்டுக்கு மேல இருந்தா யூனியன் ஜெயிக்கும், கீழ இருந்தா கம்பெனி. சரிபாதி சான்ஸ். இப்போ ஆசை வந்து 8,000 கேட்டா? கோடு 6,000க்கு நகரும், ஜெயிக்கிற சான்ஸ் கால்வாசி. 10,000 கேட்டா? கோடு 7,000ல போய் நிக்கும், அதுக்கு மேல நடுவர் மனசே கிடையாது, சான்ஸ் பூஜ்யம், 4,000த்த வாங்கிட்டு வீட்டுக்குப் போகணும். பப்பாதி நடுவர்கிட்ட இதே 10,000 கேட்டிருந்தா 7,000 கெடைச்சிருக்கும்! அங்க ஆசைக்குப் பரிசு, இங்க அதே ஆசைக்கு அடி. அடுத்தவன் தப்பு பண்ணினா அதுக்கான லாபம் எனக்கு வரும், நான் தப்பு பண்ணினா அவனுக்குப் போகும், அதனால ரெண்டு பேரும் நடுவர் மனசுல என்ன இருக்கும்னு யோசிச்சு யோசிச்சு தானாவே உள்ள வர ஆரம்பிக்கிறாங்க.

ஆனா ரெண்டும் ஒரே எடத்துல வந்து முட்டிக்கும்னு நினைச்சிடாதீங்க, நானும் மொதல்ல அப்படித்தான் நினைச்சேன். மேல உள்ள கணக்குல 7,000 கேட்டுப் பாருங்க, சான்ஸ் எட்டுல மூணுதான், ஆனா சராசரியா கெடைக்கிறது 5,125. 6,000 கேட்டா சராசரி 5,000தான். அதாவது பயமே இல்லாத சூதாடிக்கு 7,000 கேக்கறதுதான் லாபம். ரெண்டு பக்கமும் அப்படிப்பட்ட சூதாடிங்களா இருந்தா 3,000, 7,000னு ரெண்டு ஓரத்துல போய் நிப்பாங்க, இடைவெளி 4,000. அதே நடுவர் 4,800லேர்ந்து 5,200க்குள்ளதான் யோசிப்பார்னு ஊருக்கே தெரிஞ்சிருந்தா இடைவெளி வெறும் 400. நடுவரப் பத்தின சந்தேகம் எவ்ளோ அகலமோ, ரெண்டு தரப்புக்கும் நடுவுல பள்ளமும் அவ்ளோ அகலம். 1980ல ஹென்றி ஃபார்பர் இந்தக் கணக்க போட்டுக் காட்டினார். யாரோட நல்ல மனசும் இதுக்குத் தேவைப்படல பாருங்க.

பயப்படறவன் கதை இன்னும் ஜோர். கேட் மீட்டிங்ல ஆயிரம் பேர் முன்னாடி "தோத்துட்டோம்"னு சொல்ல வேண்டிய தலைவருக்கு சூதாட தைரியம் வருமா? அவர் சேஃபா குறைச்சுக் கேப்பார். குறைச்சுக் கேட்டா கோடு அவர் பக்கம் சாதகமா நகரும், அடிக்கடி ஜெயிப்பார், ஆனா ஜெயிக்கும்போதெல்லாம் கொஞ்சமாத்தான் ஜெயிப்பார். அமெரிக்காவுல நியூஜெர்சி மாநிலத்துல போலீஸ் சம்பளத்துக்கு இந்த முறைய 1970கள்ல சட்டமாவே கொண்டுவந்தாங்க. ஆரம்ப வருஷங்கள்ல மூணுல ரெண்டு கேஸ் பக்கமா யூனியனே ஜெயிச்சுது. உடனே நடுவருங்க எல்லாம் யூனியன் ஆளுங்கன்னு தோணும்ல? ஓர்லி ஆஷன்ஃபெல்ட்டர், டேவிட் ப்ளூம்னு ரெண்டு பேர் 1984ல பிரிச்சு மேஞ்சு பார்த்தாங்க, நடுவர்ல ஓரவஞ்சனையே இல்ல, யூனியன் பயந்து அடக்கமா கேட்டதுதான் காரணம். ஸ்கோர் போர்டை மட்டும் பார்த்து அம்பயர திட்டற நம்ம எல்லாருக்கும் இது நல்ல குட்டு.

அமெரிக்க பேஸ்பால்ல இது இன்னும் பிரபலம். முதல் விசாரணைங்க 1974ல. டிக் வுட்சன்னு ஒரு பவுலர் (அங்க பிட்சர்ம்பாங்க) 29,000 டாலர் கேட்டார், மினசோட்டா டீம் 23,000ன்னுச்சு, நடுவர் 29,000த்த எடுத்தார். இன்னிக்கும் வருஷா வருஷம் பெரும்பாலான கேஸ் விசாரணைக்கே போறதில்ல, தேதி நெருங்க நெருங்க ரெண்டு பக்கமும் வேர்த்துப்போய் வெளியவே பேசி முடிச்சிடறாங்க. ஸ்டீவன்ஸ் ஆசைப்பட்டதும் அதானே, தீர்ப்பே சொல்லாத கோர்ட்டு.

இங்க என்ன நிலைமைன்னா, விரும்பி நடுவர்கிட்ட போற வழி 1947 தொழில் தகராறு சட்டத்துல 10ஏ பிரிவுன்னு 1956லேயே சேர்த்தாச்சு, புது தொழிலுறவுக் கோட்லயும் இருக்கு. ஆனா நாம போறது லேபர் ஆபீஸ் சமரசப் பேச்சுக்குத்தான், அந்த அதிகாரி ரெண்டு பக்கமும் டீ வாங்கிக் குடுத்துக் கெஞ்சலாம், தீர்ப்பு சொல்ல முடியாது. கையெழுத்து போடற நேரத்துக்கு ராகு காலம் முடியட்டும்னு ஒண்ணரை மணி நேரம் உக்காந்திருப்பாங்களாம், மாமா சொல்லுவார். அதே ஒண்ணரை மணி நேரத்துல நியாயமான நம்பர் என்னன்னு ஒரு கணக்கு போட்டிருக்கலாம்.

ஒண்ணு ஒத்துக்கறேன், எல்லா சண்டைக்கும் இது ஆகாது. 2024ல ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைல 37 நாள் ஸ்ட்ரைக் நடந்துச்சே, அங்க முக்கியமான முட்டல் சங்கத்த அங்கீகரிக்கிறதா இல்லியாங்கிறது. அதுக்கு என்ன நம்பர் எழுதி கவர்ல போடறது? 2.44, 2.57 மாதிரி ஒரே எண்ணுல நிக்கிற சண்டைக்குத்தான் இந்த மருந்து.

மருந்துக்குப் பக்கவிளைவும் உண்டு. ரெண்டுல ஒண்ணுன்னா ஒருத்தன் முழுசா தோக்கணும்ல, தோத்தவன் மறுநாள் காலைல அதே வேலைக்குத்தான் வரணும். அலெக்சாந்த்ரே மாஸ்ங்கிறவர் 2006ல அதே நியூஜெர்சி போலீஸ எடுத்து, போலீஸ் கேஸ் தோத்த ஊர்லயும் ஜெயிச்ச ஊர்லயும் அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு எண்ணினார். ஜெயிச்ச ஊர்ல துப்பு துலங்கின குற்றங்கள் 12 சதவீதம் அளவுக்கு அதிகம். தோத்த ஊர்ல கைது குறைஞ்சுது, குற்றப் புகார் ஏறுச்சு. கேட்டதுக்கும் கெடைச்சதுக்கும் வித்தியாசம் பெருசா இருந்த எடத்துல சரிவும் பெருசு. தோத்தவங்களுக்கும் சம்பளம் ஏறத்தான் செஞ்சுது சார், ஆனா மனசு அளக்கறது நேத்து வாங்கினதோட இல்ல, கேட்டதோட.

இதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு நம்ம டிப்போ ஞாபகமாவே இருக்கு. ஒவ்வொரு டிரைவரும் ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தன கிலோமீட்டர் ஓட்டினார்னு கேஎம்பிஎல் கணக்கு போடறாங்கல்ல? மனசு சரியில்லாத கால் ஆக்சிலரேட்டர எப்படி மிதிக்கும்னு அந்த நோட்டுல இருக்கும். நியூஜெர்சி மாதிரி ஜெயிச்ச ஊர் தோத்த ஊர்னு ஒப்பிட முடியாதுதான், இங்க மாநிலத்துக்கே ஒரே ஒப்பந்தம், ஆனா ஸ்ட்ரைக்குக்கு முன்னாடி ஆறு மாசம் பின்னாடி ஆறு மாசம்னு பார்க்கலாமே. ராக்கெட்டுக்குக் குடுக்கற காசுல ஒரு துளி, ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு ரெண்டு வருஷ உதவித்தொகை, நோட்டை எடுத்துக் குடுக்க டிப்போவுக்கு ஒரு லெட்டர். வாசகர் யாராவது பல்கலைக்கழகத்துல இருந்தா இந்த ஐடியாவ எடுத்துக்கோங்க, என் பேர் போட வேணாம்.