ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பள்ளிகளில் நாய் பராமரிப்புக் கல்வி: யார் தருகிறார்கள், எப்படிக் கிடைக்கிறது?

ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் நடுப்பாலையிலும் உள்ள தொலைதூரப் பூர்வகுடிக் குடியிருப்புகளின் பள்ளிகளில், நாயை எப்படிப் பேணுவது, நாயிடம் எப்படிப் பாதுகாப்பாக நடந்துகொள்வது ஆகிய இரண்டும் சேர்த்தே கற்பிக்கப்படுகின்றன. இந்தக் கல்வி யாருடைய பொறுப்பு, எந்தச் சட்டத்தோடு தொடர்புடையது, ஒரு பள்ளி இதைப் பெற என்ன செய்ய வேண்டும், பாடத்தில் என்ன இருக்கிறது என்பவற்றை இங்கே பார்க்கலாம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது எந்தக் குழந்தையும் சட்டப்படி கேட்டுப் பெறக்கூடிய உரிமை அல்ல. மானியம் இருக்கும் வரை, ஊர் அழைக்கும்போது நடக்கிற ஏற்பாடு.

விக்டோரியா மாநிலத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே 1994-ஆம் ஆண்டின் வீட்டு விலங்குகள் சட்டப்படி, நாய், பூனைகளுக்காக உரிமையாளர்கள் கட்டும் பதிவுக் கட்டணத்திலிருந்து ஒரு பங்கை உள்ளாட்சி மன்றங்கள் மாநிலக் கருவூலத்துக்குச் செலுத்தியாக வேண்டும். பொறுப்பான விலங்கு வளர்ப்பைப் பற்றிய கல்விக்கு அந்தப் பணம் பயன்படுவதால், பள்ளிகளுக்குப் பயிற்றுநர்களை அனுப்பிக் கட்டணமின்றிப் பாடம் நடத்த அரசால் முடிகிறது. டார்வினைத் தலைநகராகக் கொண்ட வடக்குப் பிரதேசத்திலோ பிரதேசம் முழுமைக்கும் பொருந்தும் நாய்ச் சட்டமே கிடையாது. 2019-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு கவுன்சிலும் தனக்கான துணைவிதிகளைத் தானே இயற்றிக்கொள்ள வேண்டும். பதிவுக் கட்டணமே பெரிதாக வசூலாகாத பாலைவனக் குடியிருப்பில், அந்தக் கட்டணத்தை நம்பிய கல்வி எப்படி நடக்கும்? தேவை அதிகமுள்ள இடத்தில் சட்டத்தின் கை எட்டவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அந்த இடைவெளியை நிரப்பும் அமைப்புகளில் முதன்மையானது, டார்வினில் இருந்து இயங்கும் அம்ரிக் என்ற தொண்டு நிறுவனம். கிராமப்புற, தொலைதூரப் பூர்வகுடிச் சமூகங்களில் விலங்கு மேலாண்மை என்பதே அதன் முழுப் பெயரின் பொருள். கால்நடை மருத்துவர்களை அனுப்புவது, உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது, பள்ளிக் கல்வி ஆகியவற்றை இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது செய்து வருகிறது. கூட்டரசின் தேசியப் பூர்வகுடி ஆஸ்திரேலியர் முகமையிடமிருந்து அதற்கு நிதி கிடைத்திருக்கிறது. இதைத் தவிர, பிராந்திய கவுன்சில்கள் சில தாமே விலங்கு மேலாண்மைப் பணியாளர்களை வைத்திருக்கின்றன. நடுப்பாலையில் உள்ள யுவெண்டுமு என்ற ஊரில் வார்ல்பிரி என்ற பூர்வகுடி இனத்து ஓவியர்களின் கலைக்கூடமே ஊர் நாய்களுக்கான பராமரிப்புத் திட்டத்தைத் தாங்கி வந்திருக்கிறது. ஓவியம் விற்ற வருமானத்தில் நாய்க்கு மருந்து வாங்கும் ஊர் அது.

இந்தக் கல்வியைப் பெற விரும்பும் பள்ளி, தன் பகுதிக் கவுன்சிலின் விலங்கு மேலாண்மை அலுவலரையோ அம்ரிக்கையோ நேரடியாக அணுகலாம். ஆனால் பள்ளியின் விருப்பம் மட்டும் போதாது. 1976-ஆம் ஆண்டின் பூர்வகுடி நில உரிமைச் சட்டத்தின் கீழ் வடக்குப் பிரதேச நிலத்தில் ஏறத்தாழப் பாதி பூர்வகுடி மக்களுக்கு உரியது. அந்த நிலத்துக்குள் நுழைய வெளியாட்கள் உரிய நில மன்றத்திடம் அனுமதி பெற வேண்டும். குழந்தைகளோடு பணியாற்றுபவர்கள் ஓக்கர் கார்டு எனப்படும் நன்னடத்தைச் சான்று அட்டை வைத்திருக்க வேண்டும் என்பது வடக்குப் பிரதேசத்தின் விதி. ஊர்ப் பெரியவர்களின் ஒப்புதல் எந்த விதியிலும் எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை; அது இல்லாமல் எதுவும் நடக்காது. ஊரில் ஒரு மரணம் நேர்ந்து துக்கச் சடங்கு நடக்கும் நாட்களில் வருகை தள்ளிவைக்கப்படும். நவம்பர் முதல் ஏப்ரல் வரையான மழைக்காலத்தில் பல ஊர்களுக்குச் சாலையே இருக்காது. ஆகவே வறண்ட மாதங்களுக்குப் பல மாதம் முன்பே பள்ளி ஏற்பாட்டைத் தொடங்குவது நல்லது.

வெளியிலிருந்து வந்து "நாயை இப்படி வளர்க்க வேண்டும்" என்று சொல்லிக்கொடுக்க இங்கே யாருக்கும் எளிதில் உரிமை கிடைப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு. நடுப்பாலைப் பூர்வகுடி மொழிகளில் ஒன்றான பிட்ஜன்ட்ஜட்ஜராவில் நாய்க்குப் பப்பா என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது குழந்தையைக் கூப்பிடுவது போல ஒலிப்பது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தமாக இருக்கிறது. வார்ல்பிரி மக்கள் எட்டு உறவுப் பிரிவுகளாகத் தங்களைப் பகுத்துக்கொள்கிறார்கள். பல குடும்பங்களில் நாய்க்கும் அந்தப் பிரிவுப் பெயர்களில் ஒன்று உண்டு. அப்படிப் பெயர் பெற்ற நாய் அந்த வீட்டில் யாருக்கு என்ன உறவு என்பது குழந்தைகளுக்குத் தெரியும். காவலர்களும் அதிகாரிகளும் ஊருக்குள் வந்து நாய்களைச் சுட்டுத் தள்ளிய காலம் பெரியவர்களின் நினைவில் இன்னும் இருக்கிறது. சீருடையோடும் ஊசியோடும் ஒருவர் வாகனத்திலிருந்து இறங்கும்போது தங்கள் நாயை அவர் கொல்ல வந்திருக்கிறாரோ என்று ஒரு குழந்தை அஞ்சினால், அந்த அச்சத்தைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் நன்றாக நடக்கும் இடங்களில் உள்ளூர்க்காரர் ஒருவர் வகுப்பில் முன்னால் நின்று பேசுகிறார். வெளியிலிருந்து வந்தவர் அவர் பக்கத்தில் நிற்கிறார்.

பாடத்தின் முதல் பகுதி பராமரிப்பு. உயிர்களுக்கு உணவும் நீரும் தேவை என்பதை ஆஸ்திரேலியப் பாடத்திட்டம் தொடக்க வகுப்பிலேயே அறிவியலாக வைத்திருப்பதால், ஆசிரியர் இதற்கெனத் தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. தண்ணீர், தீனி, நிழல், குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவை பேசப்படுகின்றன. உண்ணிக்கு இப்போது கூடுதல் இடம் தரப்படுவது அவசியம். 2020 மே மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதி நாய்களில் எர்லிக்கியா கேனிஸ் என்ற நோய்க்கிருமி உறுதிப்படுத்தப்பட்டது; விரைவில் வடக்குப் பிரதேசத்திலும் காணப்பட்டது. பழுப்பு நாய் உண்ணியால் பரவும் இந்த நோயில் நாய் சோர்ந்து, இளைத்து, சில சமயம் மூக்கில் ரத்தம் வடிந்து இறந்துபோகிறது. நாயின் காது மடலுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் விரலால் தடவி உண்ணி இருக்கிறதா என்று பார்க்க ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தால், அதை அது அன்று மாலையே வீட்டில் செய்ய முடியும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் திருத்த வேண்டியிருக்கிறது. குழந்தைகளின் தோலில் வரும் சொறிசிரங்குக்கு ஊர் நாய்களே காரணம் என்று நெடுங்காலம் பழி சொல்லப்பட்டது. வட ஆஸ்திரேலியக் குடியிருப்புகளில் எடுத்த சிரங்குப் பூச்சிகளின் மரபணுவை ஒப்பிட்டு 1999-இல் வெளியான ஆய்வு, நாயின் பூச்சியும் மனிதரின் பூச்சியும் மரபணு அளவில் வேறானவை என்று காட்டியது. மனிதரிடையே சிரங்கு தொடர்வது பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான்; நெரிசலான வீடுகளும் அதற்குத் துணை போகின்றன. நாயைத் தொட்ட பின் கை கழுவச் சொல்வது சரி. ஒரு வீட்டின் வறுமைக்கு அந்த வீட்டு நாயைப் பொறுப்பாக்குவது சரியல்ல.

இரண்டாம் பகுதி பாதுகாப்பு. பயிற்சி எளியது: முன்பின் தெரியாத நாய் நெருங்கினால் ஓடாமல், கத்தாமல், கைகளை உடலோடு ஒட்டி மரம் போல நிற்க வேண்டும், கீழே விழுந்துவிட்டால் முழங்காலை மடக்கிச் சுருண்டு, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக் கல் போலக் கிடக்க வேண்டும். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் ஆகியவற்றின் பக்கம் போகக் கூடாது. இவ்வகைப் பாடத்துக்குப் பலன் உண்டா என்று சிட்னியில் எட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 7, 8 வயதுக் குழந்தைகள் 346 பேரைக் கொண்டு சோதித்திருக்கிறார்கள். முடிவுகள் 2000-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயின. பாடம் முடிந்து ஒரு வாரத்துக்குப் பின், பள்ளி வளாகத்தில் சாதுவான லாப்ரடார் ஒன்றைக் கட்டிவைத்து, அதன் உரிமையாளர் வேலையாள் வேடத்தில் சற்றுத் தள்ளி நிற்க, குழந்தைகளை விளையாட விட்டார்கள். பாடம் கேட்காதவர்களில் நூற்றுக்கு 79 பேர் தயங்காமல் போய் நாயைத் தடவினார்கள். அரை மணி நேரப் பாடம் கேட்டவர்களில் அப்படிச் செய்தவர்கள் நூற்றுக்கு 9 பேர் மட்டுமே.

இந்த எண்களை அப்படியே எடுத்துப் பாலைவன ஊருக்குப் பொருத்திவிடக் கூடாது. சோதிக்கப்பட்டது நடத்தை மாற்றம். கடி குறைந்ததா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. மேலும் சிட்னிப் பாடம் நாயின் பக்கத்தில் உரிமையாளர் இருப்பார், அவரிடம் அனுமதி கேட்கலாம் என்ற நிலையை ஒட்டியது. தொலைதூரக் குடியிருப்பில் நாய்கள் கட்டில்லாமல், பெரும்பாலும் கூட்டமாகத் திரிகின்றன. கடையில் இறைச்சி வாங்கிக்கொண்டு நடந்துவரும் குழந்தையைச் சுற்றி நான்கைந்து நாய்கள் கூடும்போது யாரிடம் அனுமதி கேட்பது? எனவே எந்த வீட்டு நாய்கள் எங்கே கூடும், எந்த வழியைத் தவிர்க்கலாம் என்று ஊர் வரைபடத்தை வைத்துக் குழந்தைகளோடு பேசுவதுதான் அங்கே பயன் தரும். அங்குள்ள ஆங்கிலப் பேச்சில், கடிக்கக்கூடிய நாயைச் 'சீக்கி' (cheeky) நாய் என்பார்கள். எந்தெந்த நாய் சீக்கி என்பது வந்தவரைவிடக் குழந்தைகளுக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவிலிருந்து பாடத்தைத் தொடங்கும் ஆசிரியரே கெட்டிக்காரர்.

பாடமும் மருத்துவரும் ஒரே பயணத்தில் வருவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. சொறிக்கு மருந்து உண்டு என்று திங்கட்கிழமை கற்பித்துவிட்டு, அந்த மருந்து ஆறு மாதம் கழித்து வந்தால், குழந்தை கற்றுக்கொள்வது இயலாமையை மட்டுமே. பக்கத்து ஊரில் கால்நடை மருத்துவமனை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மிகப் பெரும்பாலான குடியிருப்புகளுக்கு அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலிய நாய்களிடம் ரேபிஸ் இல்லை என்பதால், அங்கே கடிபட்ட குழந்தையைக் காயத்துக்காகவும் டெட்டனஸ் தடுப்புக்காகவும் ஊர் கிளினிக்குக்கு அழைத்துச் செல்கிறார்கள். இந்தியாவில் எந்த நாய்க்கடியாக இருந்தாலும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி ரேபிஸ் தடுப்பூசி போட்டாக வேண்டும். அந்தப் பாடத்தை இங்கே மாற்றவே கூடாது. ஆஸ்திரேலியாவிலும் வௌவால்களிடம் லிசாவைரஸ் என்ற நெருங்கிய உறவுக் கிருமி இருப்பதால், வௌவாலைத் தொடக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே, 2008-இல் பாலித் தீவிலும் 2024-இல் திமோர்-லெஸ்தே நாட்டிலும் ரேபிஸ் கண்டறியப்பட்டிருப்பதால், வடகரை ஊர்களில் நாய் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டால் உடனே ஒரு பெரியவரிடம் சொல்லும்படி குழந்தைகளைப் பழக்குவது இப்போது கூடுதல் அவசியமாகியிருக்கிறது. அந்தப் பெரியவர் ஆஸ்திரேலியா முழுவதும் இயங்கும் அவசர விலங்கு நோய் எண்ணான 1800 675 888-ஐ அழைத்துத் தெரிவிக்கலாம்.