பெட் ஸ்கேனுக்கு முதல் நாளே தயாராகுங்கள்

புற்றுநோயைப் பார்க்கும் பெட்-சிடி ஸ்கேனுக்கு நாள் குறித்து, வேலைக்கு விடுப்பும் எடுத்து வந்த பிறகு, வாசலிலேயே தேதி தள்ளிப்போகிறது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இது அடிக்கடி நடக்கிறது. காரணம் பல நேரங்களில் இரத்தத்தில் ஏறிய சர்க்கரை. நம்மவர்களிடையே இனிப்பு நீர் (நீரிழிவு) அதிகம் என்பதால் இதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன்கள் கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று காட்டும். எந்த இடம் சர்க்கரையை மிகுதியாக இழுக்கிறது என்பதைக் காட்டுவது பெட். ஊசியில் ஏற்றும் எஃப்டிஜி, கதிரியக்க ஃபுளோரின்-18 சேர்த்த குளுக்கோஸ். பல புற்றுநோய்க் கட்டிகள் அதை வேகமாக உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும்; படத்தில் அந்த இடம் ஒளிரும். இரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைந்திருந்தால் அது எஃப்டிஜியோடு போட்டியிடும்; கட்டி மங்கும், சிறியது தெரியாமலே போகும். அதனால்தான் லிட்டருக்கு 11 மில்லிமோலைத் தாண்டினால் பல மையங்கள் ஒத்திவைக்கின்றன. எஃப்டிஜி மருந்தை மறுநாளுக்கு எடுத்துவைக்கவும் வழியில்லை. 110 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும்.

ஸ்கேனுக்கு முந்தைய ஆறு மணி நேரம் பச்சைத் தண்ணீர் மட்டும். தே ஓ கொசோங் என்னும் வெறும் தேநீரில் சீனி இல்லைதான், அதுவும் வேண்டாம். மிட்டாய், சூயிங்கம், இருமல் சிரப் எல்லாமே கணக்கில் சேரும். முதல் நாள் இரவு நாசி லெமாக்கையும் ரொட்டி சானாயையும் விட்டு, மீன், முட்டை, கீரை சாப்பிடுங்கள். சர்க்கரை கூடிவிட்டதே என்று கடைசி நேரத்தில் இன்சுலின் போட்டுக்கொள்வது இன்னும் கெடுதல்: எஃப்டிஜி தசைகளுக்குள் போய்விடும். இனிப்பு நீர் மாத்திரையான மெட்ஃபார்மின் குடலை ஒளிர வைப்பதால் சில மையங்கள் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்லும். மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஸ்கேனுக்கு முந்தைய 24 மணி நேரம் கடும் உழைப்பும் கூடாது. முதல் நாள் பத்துமலையின் 272 படிகளை ஏறினால் தொடைத் தசைகள் மருந்தில் பங்கு கேட்கும். வேண்டுதலை ஸ்கேனுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குளிர் பட்டால் கழுத்திலுள்ள, உடலுக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்து நிணநீர்க் கட்டியோ என்று குழப்பும். ஸ்வெட்டர் எடுத்துச் செல்லுங்கள். ஊசி போட்டபின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசாமல், போனை நோண்டாமல் படுத்திருக்க வேண்டும்.

ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல. காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. அந்தக் கட்டியும் நன்றாகவே ஒளிரும். ஆறாத அறுவைப் புண்ணும் அப்படித்தான். கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து சுமார் மூன்று மாதம் பொறுக்கச் சொல்வதும் இதற்காகவே. ஐயம் இருந்தால் திசுப் பரிசோதனைதான் முடிவு சொல்லும். அறிக்கையைப் படித்துவிட்டு இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க, பழைய படம் கட்டாயம் வேண்டும். சிடியில், தேர்ந்தெடுத்த கட்டிகளின் அளவுகளைக் கூட்டி, 30 சதவீதமாவது குறைந்தால் பலன் என்கிறோம். மிகச் சிறிதாக இருந்த கட்டத்திலிருந்து 20 சதவீதமாவது கூடி, அந்தக் கூடுதல் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நோய் வளர்கிறது என்று பொருள். ஒரு கட்டியில் 2 மில்லிமீட்டர் வித்தியாசம் அளக்கும் விதத்திலேயே வந்துவிடும். தனியார் மருத்துவமனையிலிருந்து அரசு மருத்துவமனைக்கு மாறுகிறவர்கள் அறிக்கைத் தாளோடு நிற்காமல், படங்கள் பதிந்த வட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாளை வைத்து அளக்க முடியாது.