அடியில் அமுங்கிய வெற்றிலை ஏன் முதலில் பழுக்கிறது?

சோழவந்தான் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கொடிக்கால் முழுக்க அகத்தி நிழல்தான். கொடியும் பச்சைப் பசேலென்று நிற்கிறது. மற்ற இலைகளுக்கு அடியில் அமுங்கிய வெற்றிலை மட்டும் ஏன் சீக்கிரம் பழுக்கிறது?"

வயதான இலையில் பச்சையம் சிதையும், ஏற்கெனவே உள்ளே இருந்த கரோட்டினாய்டுகள் என்ற மஞ்சள் நிறமிகள் வெளியே தெரியும். பச்சையத்தைத் தாங்கிய புரதங்களின் நைட்ரஜன் கொழுந்துக்குப் போய்விடும். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். எப்போது பழுப்பது என்பதில்தான் வெளிச்சம் தலையிடுகிறது.

இலையில் பைட்டோகுரோம் என்றொரு புரதம் உண்டு. சுமார் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பட்டால் விழிக்கும். 730 அளவில் உள்ள, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தூரச் சிவப்பு பட்டால் உறங்கும். மேல் இலை சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தூரச் சிவப்பைக் கீழே விடுவதால், அடி இலைக்கு வெளிச்சம் குறைவதோடு அதன் தன்மையும் மாறிவிடுகிறது. விழித்திருக்கும் பைட்டோகுரோம், பி.ஐ.எஃப். என்ற புரதங்களை ஒழித்துக்கொண்டே இருக்கும். அது உறங்கியதும் அவை பெருகி, இலையை மூப்படையச் செய்யும் மரபணுக்களை முடுக்கிவிடும். பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியம் கழற்றப்படும், அப்புறம் அதைச் சுற்றியிருந்த வளையம் உடைபடும். அரைகுறையாக விட்டால் ஆபத்து: கட்டவிழ்ந்த பச்சையம் வெளிச்சத்தில் நச்சு ஆக்சிஜனை உண்டாக்கி செல்லையே கெடுத்துவிடும்.

சரி, அகத்தி நிழலும் நிழல்தானே? எனக்கு மிகவும் பிடித்த சோதனை இங்கேதான் வருகிறது. 2001-இல் வெளியான ஆய்வு. செடி, கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ். ஒரே ஓர் இலையை மட்டும் இருட்டாக மூடினால் சில நாளில் மஞ்சளாகிறது. செடியையே இருட்டில் வைத்தால் அந்த இலை பச்சையாகத் தாக்குப்பிடிக்கிறது! வீட்டில் எல்லோருக்கும் வேலை போனால் சிக்கனம். ஒருவருக்கு மட்டும் போனால் பாகப்பிரிவினை. வெற்றிலையிலும் இதுதான் நடக்கிறது என்பது என் ஊகம். கொடிக்கால் நிழல் எல்லா இலைக்கும் பொது. அடியில் கிடப்பதற்கோ தனி இருட்டு.

கொடி பழுத்தால் கண் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கட்டுபவர்கள், ஒரு முதிர்ந்த இலையைக் கறுப்புக் காகிதத்தால் மூடிப் பார்க்கலாம். காம்பை நசுக்காதீர்கள். நேர் வெயில் விழும் இலை வேண்டாம்; காகிதம் சூடேறி இலை வெந்துபோனால் சோதனையே கெட்டுவிடும்.