பூர்ஷ்வான்னா முதலாளியா, கோட்டைக்காரனா?

பூர்ஷ்வான்னு கேட்டதும் நம்மாளுங்களுக்கு கட்சி மீட்டிங்கும் செங்கொடியும், யாரையாச்சும் "குட்டி பூர்ஷ்வா புத்தி"ன்னு திட்டுறதும்தான் ஞாபகத்துக்கு வரும், அகராதியப் புரட்டுனாலும் முதலாளி வர்க்கம்னுதான் போட்டிருக்கும். ஆனா அந்தச் சொல் பொறந்தப்ப அதுக்குள்ள முதலாளி இல்ல, கோட்டைதான் இருந்துச்சு.

ஜெர்மானிய மொழிகள்ல புர்க்னா கோட்டை, அது லத்தீனுக்குப் போயி புர்குஸ், ஃபிரெஞ்சுல பூர். ஹாம்பர்க், சால்ஸ்பர்க் எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டிருக்குறது இதே வால்தான், நமக்கு புதுக்கோட்டை பட்டுக்கோட்டை மாதிரி. 11ஆம் நூற்றாண்டு வாக்குல ஐரோப்பாவுல வியாபாரம் சூடு பிடிக்க, பிரபுவோட கோட்டையையோ பிஷப்போட பெரிய கோயிலையோ ஒட்டி வியாபாரி, நெசவாளி, கொல்லன்னு ஆளுங்க வந்து குடியேறுனாங்க, பூரை ஒட்டி இருக்குறவங்கன்னு அவங்களுக்குத்தான் பூர்ஷ்வான்னு பேரு. ஜெபம் பண்றவன், சண்டை போடுறவன், உழுறவன்னு அப்ப சமூகத்த மூணாப் பிரிச்சு வச்சிருந்தாங்க, இவங்க மூணுலயும் அடங்கல, அதான் தலைவலியே.

வட ஃபிரான்ஸ்ல லான்னு ஒரு ஊரு, அங்க பிஷப்தான் ஊருக்கே எஜமான். ஊர் ஜனங்க ஒண்ணு கூடி சத்தியம் பண்ணி ஒரு கம்யூன், அதாவது ஊரு தன்னைத் தானே ஆண்டுக்குற அமைப்பு, அமைச்சாங்க, அதுக்கு சம்மதிக்க பிஷப் கோத்ரிக்கும் காசு, ராஜா ஆறாம் லூயிக்கும் காசு. 1112ல பிஷப் அத ரத்து பண்ணச் சொல்றாரு, ஜனங்க ராஜாவுக்கு 400 பவுண்டு தர்றேன்னாங்க, பிஷப் பக்கம் 700 பவுண்டு, ராஜா எந்தப் பக்கம் சாஞ்சிருப்பாருன்னு சொல்லணுமா என்ன! கலவரம் வெடிச்சுது, வேலைக்காரன் உடுப்ப மாட்டிக்கிட்டு பீப்பாய்க்குள்ள ஒளிஞ்ச பிஷப்ப வெளிய இழுத்துப் போட்டுக் கொன்னுட்டாங்க, தீயில கதீட்ரலும் போச்சு. அதே ராஜா 1128ல அந்த ஊருக்கு மறுபடி சாசனம் எழுதிக் குடுத்தாரு, கம்யூன்ங்கிற வார்த்தைய மட்டும் தவிர்த்துட்டு 'சமாதானம்'னு பேர் வச்சு. பிரபுக்களையும் பிஷப்பையும் மட்டுப்படுத்த நகரம் உதவும், கஜானாவும் நெறையும், ராஜா கணக்கு அவ்ளோதான்.

அப்புறம் இந்தக் கூட்டத்துல பணம் சேர்ந்தவங்க மேல போகப் போக சொல்லும் கூடவே போச்சு, 1848ல மார்க்ஸும் எங்கல்ஸும் கம்யூனிஸ்ட் அறிக்கையில பூர்ஷ்வா வர்க்கத்தோட முளை இடைக்கால நகரவாசிகள்தான்னே எழுதுறாங்க.

சரி, தமிழ்ல என்ன போடுறது? 19ஆம் நூற்றாண்டு ஆலை ஓனருக்கு முதலாளி வர்க்கம் சரி, ஆனா லான்ல பிஷப்ப எதிர்த்த செருப்பு தைக்கிறவன முதலாளின்னா சிரிப்பாங்க, அங்க நகரக்குடின்னு எழுதலாம், என் ஓட்டு அதுக்குத்தான். சோழர் கல்வெட்டுல வர்ற நகரத்தார் இன்னும் பொருத்தம், வணிகர் சபைங்கிற அர்த்தமும் இருக்கு, ஆனா 'நகரத்தார் பிஷப்பைக் கொன்றனர்'னு எழுதிட்டு காரைக்குடிப் பக்கம் போக முடியாது.