கண் அழுத்தத்துக்கு லேசர்: பயந்து ஓட வேண்டாம்

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிற ஓர் அம்மா, மலையில் இரண்டு தடவை கானுக்குள் (தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குள்) கால் விட்டு விழுந்த பிறகுதான் கிளினிக்குக்கு வந்தார். வயசாகிவிட்டது, அதுதான் என்று நினைத்திருக்கிறார். எழுத்துப் பலகையைக் கடகடவென்று வாசித்தார். ஓரப் பார்வைதான் போயிருந்தது. கண் அழுத்தம் 32. சாதாரணமாக 10 முதல் 21 வரைதான் இருக்கும்.

கொப்பியைப் புரட்டினால், மூன்று வருடத்துக்கு முன்பே குளுக்கோமா, அதாவது கண் அழுத்த நோய், என்று எழுதிச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறது. போத்தல் எங்கேம்மா என்றேன். பையிலிருந்து எடுத்தார், மூடியைச் சுற்றி மருந்து வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. "கிளினிக்குக்கு வந்தா ஒரு நாள் பேர் (சம்பளம்) போயிடும் டொக்டர், வலியும் இல்லைதானே" என்றார்.

வலியில்லாமல் வருவதுதான் சிக்கலே. கானில் சருகு அடைத்தால் தண்ணீர் தேங்குகிற மாதிரி, கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற சல்லடை அடைபட்டு, அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிறது. போன பார்வையை லேசராலும் மீட்க முடியாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் பார்க்கிறோம்.

லேசர் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. கண்ணை வெட்டுவார்கள், சுடுவார்கள் என்ற பயம். சுடுவது என்பது முழுப் பொய்யும் இல்லை, 1979இல் வைஸ், விட்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதிய ஆர்கன் லேசர் முறை அந்தச் சல்லடையைப் புள்ளி புள்ளியாகச் சுட்டதுதான். தழும்பு விழும், திரும்பத் திரும்பச் செய்ய முடியாது. 1990களில் மார்க் லட்டினா என்ற கண் மருத்துவர் கொண்டுவந்த எஸ்.எல்.டி. (குறிப்பிட்ட செல்களை மட்டும் தாக்கும் லேசர் முறை) வேறு மாதிரி: ஒரு வினாடியின் நூறு கோடியில் மூன்று பங்கு நேரம்தான் ஒளி விழுகிறது, நிறமி உள்ள செல்கள் மட்டும் அதை வாங்கிக்கொள்கின்றன, சூடு பக்கத்துக்குப் பரவ நேரமே இல்லை. மரத்துப்போகச் சொட்டு, நாடியை வைக்க ஒரு தாங்கி, கண்ணில் ஒரு லென்ஸ், பச்சை வெளிச்சம், ஐந்து பத்து நிமிடம். அழுத்தம் சற்று ஏறக்கூடும் என்பதால் ஒரு மணி நேரம் உட்கார வைத்துத் திரும்ப அளந்து பார்த்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவோம். (கண்ணின் வடிகால் கோணமே குறுகிப்போனவர்களுக்கு இது சரிவராது, அவர்களுக்குக் கருவிழித் திரையில் சின்னத் துளை போடுகிற வேறு லேசர் உண்டு.)

2019இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், முதலிலேயே எஸ்.எல்.டி. செய்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மூன்று வருடம் சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. பஸ்ஸுக்கும் சம்பளத்துக்கும் இடையில் மாட்டிக்கொண்ட நம் சனத்துக்கு லேசரைக் கடைசியில் இல்லை, ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் வருடங்கள் போகப் போக இதன் பலன் குறையும், சிலருக்குத் திரும்பச் செய்ய வேண்டி வரும். "லேசர் அடிச்சாச்சு, இனி கிளினிக் எதுக்கு" என்று காணாமல் போகிறவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாடு.

அந்த அம்மாவுக்கு நோய் முற்றியிருந்ததால் இரவுக்கு ஒரு சொட்டு இன்னும் உண்டு. லேசர் செய்து இரண்டு மாதத்தில் அழுத்தம் 17. கூடப்பிறந்தவர்களுக்கும் வரக்கூடியது என்று சொல்லியிருந்தேன், அடுத்த முறை தங்கச்சியையும் கையோடு கூட்டி வந்தார். தங்கச்சிக்கு 26.