ஜனவரிக்குள் ஒரு நாவல்

தீபாவளி முடிந்ததும் என் தொலைபேசிக்கு வேலை கூடிவிடும். பதிப்பகங்களுக்காகக் கதைப் பிரதிகளைச் செம்மைப்படுத்திக் கொடுப்பது என் தொழில். பொங்கலை ஒட்டிச் சென்னை நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்குள் நாவல் வந்துவிட வேண்டும் என்று அழைப்பவர்களில் பலர் கடைசி அத்தியாயத்தை இன்னும் எழுதியிருக்கமாட்டார்கள். அட்டைப்படம் மட்டும் தயாராக இருக்கும். அணிந்துரைக்கு ஆளையும் பேசி முடித்திருப்பார்கள்.

1977இல் தொடங்கிய அந்தக் காட்சி, தமிழ்ப் பதிப்புலகத்தை ஜனவரியைப் பார்த்தே ஓட வைத்திருக்கிறது. விற்பனை அங்கேதான் என்பதால் பதிப்பாளரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் முதல் நாவல் எழுதுகிறவருக்கு அந்தத் தேதியால் என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை. என் மேசைக்கு வரும் பிரதிகளில் திறமைக் குறைவால் நேரும் பிழைகள் சொற்பம். எழுதியதைக் கொஞ்ச காலம் ஆறப்போட்டுத் திரும்ப எழுதாததால் நேர்பவையே அதிகம்.

முதல் முப்பது பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், குலதெய்வம் எது, எந்த நிலத்தை யார் விற்றார்கள் என்று மூன்று தலைமுறை வரலாறு போகும். கதை நான்காவது அத்தியாயத்தில்தான் கண் திறக்கும். அந்தப் பக்கங்களை எழுதியதில் தவறில்லை. தன் பாத்திரங்கள் யார் என்று எழுத்தாளர் கண்டுகொள்வதற்கு அவை வேண்டும். வாசகருக்கு வேண்டாம், அவ்வளவுதான். இதை எழுதி முடித்த வாரத்திலேயே எவராலும் பார்க்க முடியாது. மூன்று மாதம் கழித்துப் படித்தால் அவரே பேனாவை எடுத்து அடித்துவிடுவார்.

அடுத்தது உரையாடல். வேளச்சேரியில் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஒருவர் தன் நாவலைச் சிறுவயதில் விட்டுவந்த தென்மாவட்டத்தில்தான் நிறுத்துவார். நெல்லையின் ‘ஏலே’யும் நாகர்கோவிலின் ‘மக்கா’வும் ஒரே ஆளின் வாயிலிருந்து வரும். அதே ஆள் அடுத்த பக்கத்தில் மேடைப் பேச்சாளரைப் போல முழு இலக்கணத்தோடு பேசுவார். வியாசர்பாடி, காசிமேடு என்று எழுதத் துணிபவர்களின் கதை இன்னும் மோசம்: அந்தத் தெருக்களில் ஒருமுறைகூட நடக்காமல், திரைப்படத்தில் பார்த்த கத்தியையும் வசவையும் எடுத்து வைக்கிறார்கள். தான் நன்றாக அறிந்த சென்னையை எழுதச் சொன்னால் ‘அதில் என்ன சார் இருக்கிறது?’ என்பார்கள். தண்ணீர் லாரிக்குப் பணம் பிரிக்கும்போது அடுக்குமாடிச் சங்கத்தில் நடக்கும் சண்டையில் யார் யாரை என்ன முறை சொல்லி அழைத்தார்கள், யார் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்பதில் ஒரு நல்ல சிறுகதை இருக்கிறது. பாதி ஊருக்கு அது தெரியும். எழுதத்தான் ஆளைக் காணோம்.

சமீப காலமாகக் கைப்பேசியில் பேசியே எழுதுகிறார்கள். ஒற்றுப்பிழைகளை நான் திருத்திவிடுவேன். நிற்க இடமில்லாமல் ஓடும் வாக்கியங்களைத் திருத்த முயன்றால் அது என் நாவலாகிவிடும்.

அவசரத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அது பணம் தொடர்பானது. நல்ல பதிப்பகம் ‘ஆறு மாதம் பொறுங்கள்’ என்று சொன்னால், ‘பணம் கட்டுங்கள், ஜனவரிக்கே கொண்டுவருகிறோம்’ என்பவரிடம் போகிறார்கள். சொந்தச் செலவில் புத்தகம் போடுவது குற்றமில்லை. எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும். நூலுக்கு அடையாளமாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கென்று தனித் தொகை கேட்ட ரசீதுகளைப் பார்த்திருக்கிறேன். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை அந்த எண்ணை இலவசமாகத்தான் வழங்குகிறது. தேவைப்படும் அளவுக்கு மட்டும் அச்சடிக்கும் பிஓடி முறையில் ஐம்பது பிரதிகள்கூடப் போடலாம். இருந்தும் ஐந்நூறு பிரதிகளுக்குப் பணம் கட்டி, அவற்றைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான் ஆபத்து: ‘அனைத்து உரிமைகளும் நிரந்தரமாகப் பதிப்பகத்துக்கே.’ 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்தவர்கள் இதில் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்புக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் சட்டம் அதை ஐந்து ஆண்டுகள் என்று கொள்கிறது. நிலப்பரப்பு இல்லையென்றால் இந்தியா. பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை, அது காலாவதியாகிவிடும். ‘நிரந்தரமாக’ என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டால் அந்த ஐந்தாண்டுப் பாதுகாப்பு உங்களுக்கு உதவாது. அச்சுரிமையைக் கொடுங்கள். ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளைத் தனியாகப் பேசுங்கள். பதிப்பகம் தன் பணத்தில் போடும் நூலுக்கு விலையில் பத்து சதவீதம் எழுத்தாளருக்கு ராயல்டி என்பது இங்கே வழக்கம். முழுச் செலவும் உங்களுடையது என்றால் பத்து சதவீதத்துக்கு நீங்கள் ஏன் சம்மதிக்க வேண்டும்?

கோடம்பாக்கம் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, இந்த ஊரில் புதிதாக எழுதுகிறவர்களுக்குக் கதை திருடுபோய்விடும் என்ற பயம் அளவுக்கு மீறி இருக்கிறது. வெறும் கதைக்கருவுக்குப் பதிப்புரிமை இல்லை என்று 1978இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதி வைத்த வடிவத்துக்குத்தான் உரிமை. அது எழுதியபோதே வந்துவிடுகிறது; பதிவு செய்வது கட்டாயமில்லை. வழக்கு என்று வந்தால் தேதியோடு கூடிய மின்னஞ்சலும் பழைய வரைவுகளும் சாட்சிக்கு உதவும் என்பதால் அவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். எனக்குப் பிரதி அனுப்பும்போது ‘யாரிடமும் காட்டாதீர்கள்’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுத வேண்டியதில்லை. அந்த இடத்தில் பக்க எண் போட்டு அனுப்பினால் போதும்.